கடைசி டேக்கிளும் கைநழுவிய ஒரு பந்தும்

நேயர்களுக்கு வணக்கம். 2015ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி சிட்னியில் ஆஸ்திரேலிய ரக்பி லீக் இறுதிப் போட்டி நடந்தது. அரங்கில் 82,758 பேர். மோதிய இரண்டு அணிகளும் சிட்னிக்காரர்கள் அல்லர், இரண்டுமே குயின்ஸ்லாந்து மாநிலத்தவை. அந்த மாநிலத்தின் இரண்டு அணிகள் இறுதியில் சந்தித்தது அதுவே முதல் முறை. பிரிஸ்பேன் பிராங்கோஸ் தலைநகரத்து அணி; அதுவரை ஆடிய இறுதிப் போட்டி ஒன்றில்கூடத் தோற்றதில்லை. நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ், வடக்கே சுமார் 1,300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டவுன்ஸ்வில் நகரத்து அணி. 1995இல் களமிறங்கியது, கோப்பையைத் தொட்டதே இல்லை.

ஆட்டத்தைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு போதும். பக்கத்துக்கு 13 பேர், 80 நிமிடம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள்தான். பந்தோடு ஓடுபவரைக் கபடியில் போல மடக்கிப் பிடித்தால் ஒரு டேக்கிள் கழிந்தது. ஆறாவது முறையும் பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. அதனால் ஐந்து முடிந்ததும் பந்தை எட்டி உதைத்து எதிரணியை அதன் எல்லைக்குள் தள்ளிவிடுவதே வழக்கம். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை, 4 புள்ளி. அதைத் தொடர்ந்து கோல் கம்பங்களுக்கிடையே அடிக்கும் கன்வர்ஷன் உதைக்கு 2. ஆட்டத்தின் நடுவே அதே கம்பங்களுக்கிடையே அடிக்கும் ஃபீல்டு கோலுக்கு அன்று 1.

இடைவேளையில் பிராங்கோஸ் 14–12 என்று முன்னால் இருந்தது. இரண்டாம் பாதியில் அந்த அணியின் கோரி பார்க்கர், எதிரணியின் தவறுக்குக் கிடைத்த ஒரு பெனால்டியை உதைத்து 16–12 ஆக்கினார். சரியான முடிவுதான் என்பேன். இரண்டு புள்ளி முன்னிலையை ஒரே பெனால்டி சமன் செய்துவிடும். நான்கு என்றால் எதிரணி ட்ரை போட்டே ஆகவேண்டும். ஆனால் கன்வர்ஷனும் சேர்ந்தால் அந்த ஒரு ட்ரையே ஆட்டத்தை முடித்துவிடும். நான்கு புள்ளியைக் காப்பதில் உள்ள பதற்றம் அதுதான்.

நேரம் முடியும் தறுவாயில் கவ்பாய்ஸ் அணிக்கு ஒரே ஒரு டேக்கிள் மீதி. இனி உதைக்க நேரமில்லை, கையில் வைத்தே ஓடவேண்டும். ஜொனாதன் தர்ஸ்டன் வலப்பக்கம் ஓடி மைக்கேல் மோர்கனிடம் கொடுத்தார். மோர்கன் தன்னைப் பிடிக்க வந்தவர்களைத் தன்பக்கம் இழுத்து, பிடி விழும்போதே பந்தை ஓரத்தில் ஓடிவந்த கைல் ஃபெல்ட்டுக்குத் தட்டிவிட்டார். இதற்கு ஆஃப்லோடு என்று பெயர். தோள் பிடிபட்டாலும் பந்துள்ள கை விடுபட்டிருக்க வேண்டும். பந்து முன்னோக்கிப் போகக்கூடாது. ஃபெல்ட் மூலையில் பாய்ந்து ட்ரை போட்டார். 16–16.

ட்ரை எங்கே போடப்பட்டதோ அதற்கு நேரேதான் கன்வர்ஷன் உதைக்க வேண்டும். மூலையில் போட்டதால் தர்ஸ்டன் பக்கவாட்டுக் கோட்டருகே நின்று உதைக்க நேர்ந்தது. அங்கிருந்து பார்த்தால் இரு கம்பங்களுக்கும் இடையிலான வழி கதவிடுக்குபோல ஒடுங்கிவிடும். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஆட்டம் கோல்டன் பாயின்டுக்குப் போனது: முதலில் புள்ளி எடுப்பவர் வெற்றியாளர். இறுதிப் போட்டி ஒன்று அந்த முறையில் தீர்ந்தது அதுவே முதல் தடவை.

கவ்பாய்ஸ் தொடக்க உதையை அடித்தது. இறங்கிவந்த பந்து பிராங்கோஸ் வீரர் பென் ஹன்ட் கையிலிருந்து நழுவி விழுந்தது. உயரத்திலிருந்து இறங்கும் பந்தைப் பிடிக்கும்போது உடலைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்கைகளை ஒட்டவைத்து, மார்போடு அணைக்கச் சொல்வார்கள். அப்படி நின்றால் தவறினாலும் பந்து பெரும்பாலும் முன்னே விழாது. முன்னே விழுந்தால் நாக்-ஆன். உடனே ஸ்கிரம், அதாவது இரு அணி வீரர்களும் தோளோடு தோள் கோர்த்து நின்று ஆட்டத்தை மறுபடி தொடங்கும் முறை; பந்து எதிரணிக்கு. ரக்பி லீக் ஸ்கிரம்மில் தள்ளுமுள்ளு பெயருக்குத்தான், பந்தை உள்ளே விடும் அணியிடமே அது திரும்பும். அந்த நழுவலின் விலையைப் பாருங்கள்: பிடித்திருந்தால் பிராங்கோஸுக்கு ஆறு டேக்கிளும் ஒரு நீள உதையும் கிடைத்திருக்கும். அதற்குப் பதில், பிராங்கோஸ் கோட்டுக்கு வெகு அருகிலேயே கவ்பாய்ஸுக்கு ஆறு டேக்கிள்.

அடுத்து நடந்ததில் அவசரமே இல்லை. பக்கவாட்டிலிருந்து உதைத்தால் கோணம் குறுகும் என்பதால், முதல் சில டேக்கிள்களில் முரட்டு ஆட்களை ஓடவிட்டுப் பந்தைக் கம்பங்களுக்கு எதிரே கொண்டுவந்தார்கள். உதைப்பவர் நன்றாகப் பின்தள்ளி நிற்பார். பாய்ந்துவந்து மறிப்பவர்கள் அவரை எட்டுவதற்குள் பந்து கிளம்பிவிட வேண்டும். கைவிட்ட பந்தின் முனை தரையில் பட்டு எழும் கணத்தில் கால் படவேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் பந்து சரியும். தர்ஸ்டன் உதைத்தார், பந்து நடுவே போனது. 17–16. ஆட்டநாயகனுக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கமும் அவருக்கே.

ஹன்ட் பின்னர் வேறு அணிக்குப் போனார். 2025இல் பிராங்கோஸுக்குத் திரும்பினார். அந்த ஆண்டு இறுதிப் போட்டியில், அதே சிட்னி அரங்கில், பிராங்கோஸ் 26–22 என்று மெல்பர்ன் ஸ்டார்ம் அணியை வென்ற ஆட்டத்தில் அவரும் ஆடினார்.