போர் ஓவர் காபி: முதல் காசு எதற்கு?

வணக்கம் நண்பர்களே. மேசை மேல் டிரிப்பர், காகித ஃபில்டர், கெட்டில், தராசு, கை கிரைண்டர் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருக்கிறேன். காகித ஃபில்டரில் பொடி போட்டு, மேலிருந்து கையால் வெந்நீர் ஊற்றி வடிப்பதுதான் போர் ஓவர் காபி. வீட்டில் இதைப் போட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் டிரிப்பரைத்தான், அதாவது காகிதத்தைத் தாங்கும் புனல் போன்ற பாத்திரத்தைத்தான், முதலில் தேடுகிறார்கள். பார்க்க அழகாக இருப்பது அதுதானே. ஆனால் பணத்தைப் போட வேண்டிய இடம் கிரைண்டர்.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பால் ஊற்றாத காபி தொண்டையில் இறங்காது என்றால், இதில் எதையும் வாங்காதீர்கள். அதற்கு நம் வீட்டு ஃபில்டரை மிஞ்சிய சாமான் கிடையாது. நைஸ் பொடி, கொஞ்சம் தண்ணீர், மெதுவாக இறங்கும் கெட்டி டிகாஷன், அதுதான் பாலைத் தாங்கும். உலோகத் துளை வழியாகக் காபியின் எண்ணெயும் மண்டியும் கொஞ்சம் இறங்கும். போர் ஓவரில் காகிதம் இரண்டையும் பிடித்துக்கொள்ளும். கிடைப்பது தெளிவான கடுங்காபி. அதில் பால் விட்டால் நீர்த்துப்போகும்.

சரி, டிரிப்பருக்கு வருவோம். 1908இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண்மணி, துளை போட்ட பித்தளைப் பாத்திரத்தில் மகனின் பள்ளி நோட்டிலிருந்த மையொற்றுத் தாளைப் போட்டுக் காபி வடித்தார். இன்றைய டிரிப்பர்களும் அடிப்படையில் அதே வேலையைத்தான் செய்கின்றன. வித்தியாசமெல்லாம் அடிப்பாகத்திலும் துளையிலும்தான்.

ஜப்பானின் ஹரியோ வி60 கூம்பு வடிவம், 60 டிகிரி கோணம், அடியில் ஒரே ஒரு பெரிய துளை. தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதைப் பொடியும் உங்கள் கையும்தான் முடிவு செய்யும். கலிட்டா வேவ் தட்டையான அடி, மூன்று சின்னத் துளைகள். ஊற்றுவதில் கை கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் தாங்கும். கெமெக்ஸ் தடிமனான காகிதம், நாலு பேருக்குச் சேர்த்துப் போடுகிற வீட்டுக்கு நல்லது. என் சிபாரிசு பிளாஸ்டிக் வி60. பீங்கான் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் முன்கூட்டியே நன்றாகச் சூடாக்காவிட்டால் தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் அவ்வளவு இழுக்காது, கீழே விழுந்தாலும் சுலபத்தில் உடையாது, விலையும் குறைவு. அதே அளவுக் காகிதத்தையும் கூடவே ஆர்டர் செய்துவிடுங்கள்.

இப்போது கிரைண்டர். மிக்ஸியின் பிளேடு கொட்டையை வெட்டித் தள்ளுகிறது. பாதி மாவாகிவிடும், பாதி நொய்யாக நிற்கும். மாவிலிருந்து சாரம் அளவுக்கு மீறி இறங்கிக் கசக்கும், காகிதத்தையும் அடைக்கும். நொய்யிலிருந்து சாரம் சரியாக இறங்காமல் புளிக்கும். கசப்பும் புளிப்பும் ஒரே கோப்பையில் வந்தால், எவ்வளவு விலை உயர்ந்த டிரிப்பர் வைத்தும் சரிசெய்ய முடியாது. பர் கிரைண்டரில் பல் வைத்த இரண்டு பாகங்களுக்கு நடுவே குறிப்பிட்ட இடைவெளி இருக்கும். அந்த அளவுக்கு நொறுங்கிய பிறகுதான் தூள் கீழே இறங்கும். கை கிரைண்டரே போதும், 15 கிராம் அரைக்க ஒரு நிமிடம் போல ஆகும். வாங்கும்போது ஸ்டீல் பர்ரா, நடுத்தண்டு ஆடாமல் இருக்க மேலும் கீழும் பேரிங் இருக்கிறதா என்று பாருங்கள். தண்டு ஆடினால் அரைப்பும் சீராக இருக்காது.

கிரைண்டருக்கு இப்போதைக்குப் பணம் இல்லையா? எதிரிலேயே அரைத்துத் தரும் காபிக் கடையில் பிளாண்டேஷன் ஏ அல்லது பீபெர்ரி என்ற கொட்டை வகையைக் கேளுங்கள். சிக்கரி வேண்டாம், ரவை பதத்தில் அரையுங்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சிக்கரி சேர்ந்தால் கொட்டையின் வாசனை அமுங்கிவிடும். அரைத்த பொடி சீக்கிரம் மணம் இழக்கும், அதனால் 100 கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம்.

தராசு அவசியம். ஸ்பூன் அளவு நம்பகமில்லை, வறுப்புக்கு வறுப்பு கொட்டையின் எடை மாறும். 0.1 கிராம் காட்டினால் நல்லது. நேரம் பார்க்க போன் இருக்கிறது. கெட்டிலில் மெல்லிய வளைந்த மூக்கு இருக்க வேண்டும், சூடு காட்டும் மின்சார கெட்டில் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடுப்பில் வைக்கும் சாதாரண கெட்டில் போதும். லேசாக வறுத்த லைட் ரோஸ்ட் கொட்டை என்றால் கொதித்ததும் ஊற்றலாம், கருக வறுத்த டார்க் ரோஸ்ட் என்றால் கொஞ்சம் ஆறவிடுங்கள்.

அப்புறம் தண்ணீர். இதை யாரும் உபகரணமாக நினைப்பதில்லை. தாதுக்களை மொத்தமாக எடுத்துவிட்ட ஆர்ஓ தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும், போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையில் கொட்டையின் நயமான புளிப்பு காணாமல் போகும். தண்ணீரில் கரைந்திருக்கும் தாதுக்களின் அளவைக் காட்டும் டிடிஎஸ் 100 முதல் 150 வரை இருந்தால் நல்லது.

இப்போது போடலாம். காகிதத்தை வெந்நீரில் அலசிவிட்டு 15 கிராம் பொடி போடுகிறேன். முதலில் 45 கிராம் தண்ணீர், 40 விநாடி காத்திருப்பு. பொங்குகிறது பாருங்கள், வறுத்து அதிக நாள் ஆகாத கொட்டையிலிருந்து வெளியேறும் வாயு அது. பிறகு இரண்டு தடவையாக ஊற்றி, மொத்தத் தண்ணீர் 250 கிராம் வரை. மூன்று நிமிடத்தை ஒட்டி வடிந்துவிட வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் வடிந்து புளித்தால் கிரைண்டரின் திருகை ஒன்றிரண்டு கிளிக் திருப்பி நைஸாக அரையுங்கள். நாலு நிமிடம் தாண்டிக் கசந்தால் கொஞ்சம் கொரகொரப்பாக. நேரம் சரியாக வரும்வரை பொடியின் அளவு, தண்ணீரின் சூடு இரண்டையும் தொடாதீர்கள். வறுத்த கொட்டை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.