வெரோனாவும் அரிசி ட்ரம்மும்

நடுவர் அவர்களுக்கு வணக்கம், அவைக்கு வணக்கம். என் அணித் தலைவருக்குத் தனி வணக்கம் சொன்னால் அதையும் என் நேரத்தில் கழிப்பார்கள். அவருக்குப் போகும்போது காரில் சொல்லிக்கொள்கிறேன்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தில் விழுந்த சாவுகளுக்குப் பெரிதும் காரணம் காதலர்களின் அவசரமா, பெரியவர்களின் போக்கா? பெரியவர்கள்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு வயது 58. என்னை வைத்தே என்னைக் குற்றம் சாட்டுகிறார்கள். என் அணித் தலைவர் கெட்டிக்காரர்.

கதை தெரியாதவர்களுக்கு நாலு வரி. வெரோனா என்று ஓர் ஊர், பகைகொண்ட இரண்டு குடும்பங்கள். ஒரு வீட்டு மகன் ரோமியோவும் மற்ற வீட்டு மகள் ஜூலியட்டும் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்த்ததும் ஜூலியட் மயக்க மருந்து குடித்துச் செத்தவள் போலக் கிடக்கிறாள். விஷயத்தைச் சொல்லும் கடிதம் போய்ச் சேராததால் ரோமியோ அவள் செத்தாள் என்றே நம்பி விஷம் குடிக்கிறான், விழித்துப் பார்த்தவள் கத்தியால் குத்திக்கொள்கிறாள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. எதிரணியில் பேசிய எல்லோரும் ‘ரெண்டு சாவு, ரெண்டு சாவு’ என்றே சொன்னார்கள். ஆறு, ஐயா. ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ, அவனைக் கொன்றுவிட்டு ரோமியோ கையால் செத்த ஜூலியட்டின் உறவுக்காரன் டிபால்ட், ஜூலியட்டுக்குப் பார்த்த மாப்பிள்ளை பாரிஸ், ரோமியோ, ஜூலியட், அப்புறம் ரோமியோவின் அம்மா. டிபால்ட்டைக் கொன்றதற்காக மகனை ஊரைவிட்டுத் துரத்திய துக்கத்தில் அந்த அம்மா கடைசி இரவில் கண்ணை மூடிவிட்டார். மேடையில் காட்டக்கூட இல்லை. அவர் கணவர் வந்து ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த அம்மா என்ன அவசரப்பட்டார்? எதிரணி சொல்லட்டும்.

சரி, இப்போது அந்தக் குண்டுக்கு வருகிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி கடைசியில் ஒன்று போட்டார் பாருங்கள். ‘அந்தக் காலத்துல ஒரு செல்போன் இருந்திருந்தா இந்த நாடகமே கிடையாது. "மாமா, பயப்படாதே, இது மயக்க மருந்துதான், நாளன்னிக்கு எந்திரிச்சிருவேன்"னு ஜூலியட் ஒரு மெசேஜ் தட்டியிருப்பா. ரோமியோ கட்டைவிரலைக் காட்டியிருப்பான். உயிர் தப்பியிருக்கும். ஒரு கடுதாசி போய்ச் சேராததுக்குப் பெரியவங்களை ஏன் இழுக்கறீங்க?’

அரங்கம் அதிர்ந்தது. நானும் கை தட்டினேன். நடுவர் என்னை முறைத்தார். என்ன செய்வது, நல்ல பகடி. ஆனால் தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, வயசுப் பெண்ணை வீட்டில் வைத்திருந்ததும் இல்லை. ஆகையால் செல்போனைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண். பெயர் வேண்டாம், இங்கே நாலு பேர் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குத் தங்கை முறை, பெரியப்பா மகள். வேலைக்குப் போன இடத்தில் ஒரு பையனைப் பிடித்துப்போய்விட்டது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் பெரியப்பா என்ன செய்தார்? அழுதாரா? அடித்தாரா? அதெல்லாம் அப்புறம். முதலில் போனைப் பிடுங்கினார்.

பிடுங்கியாகிவிட்டது, எங்கே வைப்பது? பீரோவில் வைக்கலாம் என்றால் சாவி இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். பரணில் வைக்கலாம் என்றால் பெரியப்பாவுக்கு முட்டி வலி. சட்டைப் பையில் வைத்தால் தூங்கும்போது எடுத்துவிடுவாள். யோசித்தார், யோசித்தார், ராத்திரி பதினொரு மணிக்கு அடுப்படிக்குப் போய், அரிசி ட்ரம்மின் அடியில், கிட்டத்தட்ட 25 கிலோ அரிசிக்குக் கீழே புதைத்துவிட்டு வந்து படுத்தார்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அணைக்கவில்லை. அது பழைய பட்டன் போன். இப்போதைய போன் மாதிரி மத்தியானத்துக்குள் மயங்கி விழாது. சார்ஜ் ஒரு வாரம் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். வெள்ளி ராத்திரி தெரிந்த விஷயத்துக்கு ஞாயிறு காலையில் மாப்பிள்ளை! ஒன்பது பேர். கூடத்தில் உட்கார்ந்து ‘பையன் ரொம்ப அமைதி’ என்று அவர்களும், ‘பெண்ணும் ரொம்ப அமைதி’ என்று இவர்களும் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அடுப்படியிலிருந்து பாட்டு வருகிறது.

அவள் வைத்திருந்த ரிங்டோன் ஒரு பக்திப் பாட்டு. தகர ட்ரம்முக்குள்ளிருந்து, அரிசிக்கு அடியிலிருந்து, கிணற்றுக்குள் யாரோ பாடுகிற மாதிரி வருகிறது. மாப்பிள்ளையின் பாட்டி கையெடுத்துக் கும்பிட்டு, ‘உள்ளே பூஜை நடக்குதா?’ என்றார். பெரியப்பா ‘ஆமாங்க’ என்றார். பாட்டு நின்றது. எல்லோரும் நிம்மதியாகக் காபியை எடுத்தார்கள். மறுபடி அடித்தது. பாட்டி மறுபடி கும்பிட்டார்.

பெரியம்மா சொல்லும்போது இது ஐந்து தடவை அடித்தது. பெரியப்பா கணக்கில் இரண்டே தடவை. நான் அன்றைக்கு அங்கே இருந்தவன், மூன்று. மூன்றாவது தடவை மனிதர் தாங்கமாட்டாமல் எழுந்து ஓடினார். பின்னாலேயே நானும் போனேன். பட்டுச் சட்டையோடு, தோள்வரைக்கும் கையை அரிசிக்குள் விட்டுத் துழாவுகிறார். அகப்படவில்லை. அரிசி தரையெல்லாம் கொட்டுகிறது. வாசல்படியில் மாப்பிள்ளையின் அம்மா நின்று பார்க்கிறார். பெரியப்பா தலையைத் தூக்கி, ‘புழு இருக்கான்னு பார்க்கறேங்க’ என்றார்.

கடைசியில் போன் வந்தது. யார் கூப்பிட்டது தெரியுமா? அந்தப் பையன் இல்லை. ரீசார்ஜ் பண்ணச் சொல்லிக் கம்பெனியிலிருந்து.

சிரித்தாயிற்று இல்லையா? இப்போது தம்பிக்குப் பதில். அந்தப் பெண்ணிடம் செல்போன் இருந்தது தம்பி. எங்கே இருந்தது? அரிசிக்கு அடியில். வெரோனாவில் செல்போன் இருந்திருந்தாலும் ஜூலியட்டின் அப்பா காபுலெட் பிரபு வீட்டிலும் அரிசி ட்ரம் இருந்திருக்கும்.

அடுத்தது அவசரம். ஞாயிறு ராத்திரி விருந்தில் பார்த்தார்கள், திங்கட்கிழமை கல்யாணம் முடிந்தது. அவசரம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜூலியட்டின் அப்பாவைப் பாருங்கள். பாரிஸ் பிரபு பெண் கேட்டு வந்தபோது அவர் முதலில் சொன்னது என்ன? ‘குழந்தைக்கு இன்னும் பதினாலு நிறையவில்லை. இரண்டு கோடை போகட்டும்.’ தங்கமான பதில். அதே மனிதர், தங்கை மகன் செத்த அன்று ராத்திரியே பாரிஸைக் கூப்பிட்டு, ‘இன்றைக்கு என்ன கிழமை, திங்களா? புதன் என்றால் ரொம்பச் சீக்கிரம், வியாழன் வைத்துக்கொள்ளலாம்’ என்கிறார். அதாவது அவருடைய மைத்துனர் மகன் டிபால்ட் செத்த அன்றே. உறவைத் தப்பாகச் சொன்னேன், எதிரணி குறித்துக்கொள்ள வேண்டாம், திருத்திவிட்டேன். இரண்டு கோடை மூன்று நாளாகிவிட்டது. பெண் சரி என்று தலையாட்டியதும் அந்த வியாழனையும் புதனாக்கினார். அவர் மனைவி ‘சாமான் சேர்க்க நேரமில்லையே’ என்கிறார். ‘நீ சும்மா இரு, இன்றைக்கு வீட்டு வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறார். ராத்திரி முழுக்கத் தூங்காமல் அடுப்படியைச் சுற்றி வருகிறார், எங்கள் பெரியப்பா மாதிரியே.

அந்த ஒரு நாளில்தான் எல்லாம் போனது. ரகசியக் கல்யாணத்தை நடத்திவைத்த பாதிரியார் லாரன்ஸ் கொடுத்த மருந்தின் மயக்கத்துக்கு 42 மணி நேரக் கெடு. புதன்கிழமை ராத்திரி குடிக்க வேண்டியதைச் செவ்வாய் ராத்திரியே குடிக்க வேண்டியதாயிற்று. ரோமியோ போயிருந்த மான்டுவா ஊருக்குக் கடிதம் கொண்டுபோன இன்னொரு துறவியோ, கொள்ளைநோய் இருக்கும் என்ற சந்தேகத்தில் ஒரு வீட்டில் அடைபட்டுக் கிடக்கிறார். ஒரு நாள் கூடுதலாக இருந்திருந்தால் இன்னொரு ஆளையாவது அனுப்பியிருக்கலாம். அவசரப்பட்டது யார் என்று எதிரணியே கிழமை எண்ணிப் பார்க்கட்டும்.

எதிரணி பேசுகிற பேச்சு புதிதும் இல்லை. ஷேக்ஸ்பியருக்கு முன்பே, 1562இல் ஆர்தர் புரூக் என்பவர் இதே கதையை ஆங்கிலத்தில் கவிதையாக எழுதினார். முன்னுரையிலேயே, பெற்றவர் பேச்சைக் கேட்காத பிள்ளைகளுக்கு இதுதான் கதி என்று எழுதிவைத்தார். அவர் கதையில் பெண்ணுக்கு வயது பதினாறு, சம்பவம் மாதக்கணக்கில் நடக்கிறது. ஷேக்ஸ்பியர் என்ன செய்தார்? அந்தப் புத்திமதியைத் தூக்கி எறிந்தார், மாதங்களை நாட்களாகச் சுருக்கினார், பெண்ணின் வயதைப் பதின்மூன்றாகக் குறைத்தார். ஏன் குறைத்தார்? பதின்மூன்று வயதுக் குழந்தையைக் கூண்டில் ஏற்ற யாருக்கு ஐயா மனசு வரும்? எதிரணிக்கு வந்திருக்கிறது.

பகை, பகை என்கிறார்களே, அதுவும் அவ்வளவு பெரிதாக ஒன்றுமில்லை. விருந்துக்குத் திருட்டுத்தனமாக வந்த ரோமியோவைப் பார்த்து டிபால்ட் வாளைக் கேட்கிறான். காபுலெட் அடக்குகிறார். ‘விடு, நல்ல பையன் என்று ஊரே சொல்கிறது.’ ரோமியோ நல்ல பையன் என்று பெண்ணைப் பெற்றவருக்கே தெரியும்! அதை மகளிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

நேரம் போகிறது, மணியில் நடுவர் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு அறையை மட்டும் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை, ஜூலியட்டின் அறை. பாரிஸைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அழுகிறாள். அப்பா, ‘மாட்டேன் என்றால் தெருவில் பிச்சை எடு, பட்டினி கிட, செத்துப் போ’ என்று கத்திவிட்டுப் போகிறார். ஒருவர் போயாயிற்று. அம்மாவைப் பார்க்கிறாள். ‘என்னிடம் பேசாதே, உனக்கும் எனக்கும் இனி ஒன்றுமில்லை.’ அம்மாவும் போயாயிற்று. மிச்சம் இருப்பது தாதி. தன் குழந்தை சூசனைப் பறிகொடுத்தவள், இவளுக்குப் பால் கொடுத்து வளர்த்தவள். நேற்றுவரைக்கும் ரோமியோவுக்குத் தூது போனவள். அவள் சொல்கிறாள், ‘பாரிஸையே கட்டிக்கொள் கண்ணு. அவர் முன்னால் ரோமியோ பாத்திரம் துடைக்கிற துணி.’ கால் மணி நேரத்துக்குள் மூன்று பெரியவர்கள். நாலாவது ஆள் கல்லறையில். ஜூலியட் கண் விழிக்கும்போது பக்கத்தில் பாதிரியார் இருக்கிறார். வெளியே சத்தம் கேட்கிறது. ‘வா, போகலாம், இனி நான் இங்கே நிற்கத் துணியமாட்டேன்’ என்று சொல்லிவிட்டு ஓடிப்போகிறார். புருஷன் பிணத்தோடும் ஒரு கத்தியோடும் ஒரு குழந்தையை விட்டுவிட்டுப் போனார் ஐயா அந்தப் பெரியவர்.

அப்புறம் இரண்டு அப்பாக்களும் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். ‘உன் மகளுக்குச் சுத்தத் தங்கத்தில் சிலை வைக்கிறேன்’ என்கிறார் ஒருவர். ‘உன் மகனுக்கும் அதற்குக் குறையாமல் வைக்கிறேன்’ என்கிறார் மற்றவர். அங்கேயும் போட்டி.

என் தங்கை கதையை நான் முடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி பெரியப்பா அடுப்படியில் அரிசியைத் தோண்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் தன் அறையில் இருந்தாள். என்னென்னவோ தோன்றியதாம். எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் சொன்னாள். அப்போது ஆச்சி பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறாள். ‘இனிமே இங்கேதான் படுக்கை, அந்த ரூம்ல கொசு’ என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லது கெட்டது சொல்லவில்லை. இவள் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். ‘கையை எடுத்தா முழிச்சிருவான்னு நான் அசையவே இல்ல அண்ணா, விடிஞ்சிருச்சு’ என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து அதே பையனோடு கல்யாணம் நடந்தது. பெரியப்பா முன்வரிசையில் உம்மென்று உட்கார்ந்திருந்தார். ஆச்சி அப்போது இல்லை.

வெரோனாவில் அந்தச் செவ்வாய் ராத்திரி ஜூலியட் மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். விஷமாக இருக்குமோ என்று பயம். கல்லறைக்குள் முன்கூட்டியே விழித்துவிட்டால், டிபால்ட் பிணத்தின் பக்கத்தில் தனியாகக் கிடந்தால் என்ற பயம். அப்போது அந்தக் குழந்தை தன்னை மறந்து ஒரு தடவை கூப்பிடுகிறது. ‘தாதி!’ கூப்பிட்டுவிட்டு, அவள் வந்து என்ன செய்யப்போகிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது.

தாதி பக்கத்து அறையில்தான் இருந்திருப்பாள், நடுவர் அவர்களே. அடியுங்கள் மணியை, உட்கார்ந்துவிடுகிறேன்.