இழப்பீட்டுப் பேச்சுவார்த்தை: எதைப் பேரம் பேசலாம், எதைப் பேசக்கூடாது

தொழிற்சங்கத் தோழர்களே, வழக்கறிஞர் நண்பர்களே, பட்டறை நடத்தும் பெரியோர்களே,

பவர் பிரஸ் மெஷினில் விரல் போன தொழிலாளியும் முதலாளியும் எதிரெதிரே உட்கார்ந்ததும் முதலில் கிளம்பும் கேள்வி, "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்பதுதான். பேச்சு அங்கேயே கெட்டுவிடுகிறது. தொழிலாளர் இழப்பீடு மாட்டுச்சந்தை விலை இல்லை. அதற்குச் சட்டத்தில் வாய்ப்பாடு இருக்கிறது. அந்த வாய்ப்பாட்டுக்குள் போகும் எண்களைப் பற்றித்தான் பேச வேண்டும்.

எந்தச் சட்டம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 7ஆம் அத்தியாயம் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் நடந்த விபத்துகளுக்கு 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்தான். இங்கே நான் சொல்லும் பிரிவு எண்களும் அந்தச் சட்டத்தினுடையவை. இன்னொன்று: அடிபட்டவர் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்புக்குள் வருபவரா என்று முதலில் பாருங்கள். வருபவர் என்றால் இந்தக் கதவு அவருக்குத் திறக்காது, இ.எஸ்.ஐ. பலன்தான். இதைப் பார்க்காமல் ஆறு மாதம் பேசி வீணான சமரசங்கள் உண்டு.

இனி கணக்கு. நிரந்தர முழு ஊனத்துக்கு மாத ஊதியத்தில் 60 சதவீதத்தை வயதுக்குரிய காரணியால், அதாவது ஒவ்வொரு வயதுக்கும் சட்டம் தரும் எண்ணால், பெருக்க வேண்டும். 2020 ஜனவரி முதல் கணக்குக்கு எடுக்கும் ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய். 30 வயதுக்குக் காரணி 207.98. ஆக 9,000 × 207.98 = 18,71,820 ரூபாய். பகுதி ஊனம் என்றால் இதில் சதவீதம். ஒரு கையில் இரண்டு விரல் போனால் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி 20 சதவீதம். 3,74,364 ரூபாய் வரும்.

இதே ஆளுக்கு எண்களை மாற்றிப் பாருங்கள். வயதை 40 என்று எழுதினால் காரணி 184.17 ஆகி, தொகை 42,858 ரூபாய் குறையும். ஊதியத்தை 10,000 என்று முதலாளி காட்டினால் 1,24,788 ரூபாய் குறையும். சதவீதத்தை 20க்குப் பதில் 45 என்று எடுத்தாலோ 4,67,955 ரூபாய் கூடும். ஆதார் அட்டையில் பிறந்த தேதி தப்பு என்று அரை நாள் சண்டை போட்டுவிட்டு, சதவீதத்தை ஐந்து நிமிடத்தில் விட்டுக்கொடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள்.

சதவீதத்தில்தான் குழப்பம் அதிகம். டாக்டர் சான்றிதழில் எழுதுவது உடல் ஊனம். சட்டம் கேட்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பது. இரண்டும் ஒன்றல்ல. 1976இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்தது இதைத்தான்: இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர். பகுதி ஊனம்தான் என்றது முதலாளி தரப்பு; இனி அவர் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே முழு ஊனம் என்றது நீதிமன்றம். எனவே மேசைக்கு வரும்போது, விபத்துக்கு முன் அந்த ஆள் எந்த மெஷினில் என்ன செய்தார், இப்போது எது முடியவில்லை என்று எழுதி எடுத்து வாருங்கள். அட்டவணையில் இல்லாத காயம் என்றால் இரு தரப்பும் ஒப்பி ஒரே மெடிக்கல் போர்டுக்கு அனுப்பிவிடுவது மேல். ஆளுக்கொரு சான்றிதழ் வாங்கினால் சராசரி எடுப்பதில் போய் முடியும். அது யாருக்கும் நியாயமில்லை.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு லட்சம் கட்டினேன், அதைக் கழியுங்கள் என்று முதலாளிகள் கேட்பது வழக்கம். கழிக்க முடியாது. மருத்துவச் செலவு தனிக் கணக்கு.

அப்படியானால் பேரத்துக்கு எது மிச்சம்? காலமும் அபராதமும். இழப்பீடு விபத்து நடந்த அன்றே கொடுபடத் தக்கதாகிறது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதம். நம் உதாரணத்தில் ஓராண்டு வட்டி மட்டும் சுமார் 44,900 ரூபாய். காப்பீடு இருந்தால் பொதுவாக வட்டியைக் காப்பீட்டுக் கம்பெனி கட்டும். அபராதம் முதலாளி பையிலிருந்துதான் என்று 1997இல் வேத் பிரகாஷ் கார்க் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. ஆகவே அசலையும் வட்டியையும் முழுசாகக் கொடு, அபராதம் கேட்க மாட்டோம் என்பது கௌரவமான உடன்பாடு. அசலில் குறைப்பது அப்படியல்ல. உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 17ஆம் பிரிவுப்படி செல்லாது.

கையெழுத்துப் போடும் இடத்துக்கு வருவோம். முத்திரைத்தாளில் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி வாங்கி பீரோவில் பூட்டுகிறார்களே, அதன் மதிப்பு என்ன தெரியுமா? ஒப்பந்தக் குறிப்பை முதலாளி தொழிலாளர் இழப்பீட்டு ஆணையருக்கு அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 28ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் தொழிலாளர் துணை ஆணையர் போன்ற அதிகாரிகளே இந்த ஆணையர்கள். தொகை போதாது, ஏமாற்றோ மிரட்டலோ நடந்தது என்று தெரிந்தால் அவர் பதிய மறுக்கலாம். அனுப்பவே இல்லையென்றால் 29ஆம் பிரிவு வருகிறது: முதலாளி முழு இழப்பீட்டையும் கொடுத்தாக வேண்டும், ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்க, ஆணையர் வேறு விதமாகச் சொன்னால் ஒழிய, முடியாது. இரண்டு லட்சம் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு ஒரு லட்சம் காற்றோடு போயிற்று. பதிவு தொழிலாளியைக் காக்கிறது என்று நினைக்கிறோம். முதலாளிக்கும் அதுதான் கவசம்.

உயிரிழப்பு என்றால் குடும்பத்திடம் நேரடியாகப் பணம் கொடுத்துத் தீர்க்கவே கூடாது. ஆணையரிடம் கட்டினால்தான் கொடுத்ததாகும். அவசரத்துக்கு முன்பணமாக மூன்று மாத ஊதியம் வரை கொடுத்தால் மட்டும் அது கணக்கில் சேரும். இழவு வீட்டில் ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவைக்கும் தொகைகள் நிற்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

மேசையில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஒப்பந்ததாரரின் ஆள் என்றால் 12ஆம் பிரிவுப்படி வேலை கொடுத்த கம்பெனியும் பொறுப்பு, இருவரையும் கூப்பிடுங்கள். மக்கள் நீதிமன்றத்துக்கு வரும் காப்பீட்டு அதிகாரி, "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்று மூன்று வாய்தா வாங்குவார். எத்தனை ரூபாய் வரை அவரே முடிக்கலாம் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அங்கே ஆன உத்தரவுக்கு அப்பீல் கிடையாது, அதனால் எழுதியதை வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வேண்டாம். ஒடிசா, பீகார் தொழிலாளியானால் அவர் மொழி தெரிந்தவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். அந்த ஆள் மேஸ்திரியாக மட்டும் இருக்கக்கூடாது. பேச்சு முறிந்து அவர் ஊர் திரும்பிவிட்டாலும் விபத்து நடந்து 2 ஆண்டுக்குள் சொந்த ஊர்ப் பகுதி ஆணையரிடமே மனுப் போடலாம்.

ஒப்பந்தக் குறிப்பில் ஊதியம், வயது, காரணி, சதவீதம், வட்டி நாட்கள் என்று கணக்கைப் பிரித்து எழுதுங்கள். மொத்தத் தொகை மட்டும் எழுதினால் அது போதுமா என்று ஆணையரால் பார்க்க முடியாது. பணம் தொழிலாளியின் சொந்த வங்கிக் கணக்குக்கு, இன்ன தேதிக்குள் என்று குறிப்பிடுங்கள். பதிவான ஒப்பந்தத்தின்படி பணம் வராவிட்டால், புது வழக்குத் தேவையில்லை. நிலவரி பாக்கியைப் போல வசூலிக்க 31ஆம் பிரிவில் ஆணையருக்கு அதிகாரம் இருக்கிறது.