சுட்டவரை மறந்தோம், ஜே.ஆரை மறக்கவில்லை

நடுவர் அவர்களே, எதிரணி அன்பர்களே, அவையோரே, வணக்கம்.

‘தொலைக்காட்சித் தொடர்கள் காலம் கடந்து நிற்பது கதைத் திருப்பத்தாலா, பாத்திரப் படைப்பாலா?’ என்ற தலைப்பில், பாத்திரப் படைப்பால்தான் என்று வாதிட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் 1980ஆம் ஆண்டில் ஒளிபரப்பான ‘டல்லாஸ்’ என்ற அமெரிக்கத் தொடரை எடுத்துக்காட்டி, அதன் வஞ்சகப் பாத்திரமான ஜே.ஆரைச் சுட்டது யார் என்ற ஒரே கேள்வி பார்வையாளர்களை மாதக்கணக்கில் காக்க வைத்ததைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிச் சென்றார். நானும் தட்டினேன், ஏனெனில் அவர் காட்டிய சான்று எங்கள் அணிக்கே உரியது. அந்தக் குண்டு வேறொருவர் மீது பாய்ந்திருந்தால் இத்தனை பேர் பதறியிருப்பார்களா? மனைவி, தம்பி, தொழில் போட்டியாளர் என எவரையும் புன்னகையோடு வஞ்சிக்கும் ஒரு மனிதரை அதற்கு முன்பே வார்த்து வைத்திருந்ததால்தான், வீட்டில் உள்ளவர் முதல் வெளியாள் வரை அனைவர் மீதும் சந்தேகம் விழுந்தது. சுட்டவரின் பெயர் இன்று பலருக்கு நினைவில்லை, ஜே.ஆரை மறந்தவர் குறைவு.

துப்பறியும் கதைதான் திருப்பத்தின் கோட்டை என்பார்கள். அந்தக் கோட்டைக்குள்ளேயே நுழைவோம். 1971இல் தொடராக வரத் தொடங்கிய ‘கொலம்போ’வில், அதை உருவாக்கிய ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்க்கும், பெரும்பாலான கதைகளில் கொலையாளி யார் என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார்கள். மர்மத்தைத் தாங்களே உடைத்துவிட்ட பிறகு எதை நம்பி எழுதினார்கள்? கசங்கிய மழைக்கோட்டும் சுருட்டுமாக வந்து நிற்கும் கொலம்போ என்ற காவல்துறை அதிகாரியை நம்பி எழுதினார்கள். கொலையாளி பெரும்பாலும் செல்வாக்கும் செருக்கும் மிக்கவர்; இந்த மனிதரை ஏளனமாகப் பார்ப்பதாலேயே தேவைக்கு மேல் பேசிவிடுவார். விடைபெற்று வாசல் வரை போன கொலம்போ திரும்பி நின்று, இன்னும் ஒன்று கேட்க வேண்டும் என்று தொடங்கும்போது, எதிரில் நிற்பவரின் முகம் மாறுவதைக் காணத்தான் நாம் காத்திருக்கிறோம். ஒருவரின் பணிவும் மற்றவரின் அகந்தையும் மோதுவதே அங்கே கதை.

‘நிகழ்ச்சி இல்லாமல் பாத்திரம் மட்டும் வெறுமனே உட்கார்ந்திருக்குமா?’ என்று எதிரணியினர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நிகழ்ச்சி வேண்டும்தான், ஆனால் அது எங்கிருந்து பிறக்கிறது என்பதே வழக்கு. 2008இல் வின்ஸ் கில்லிகன் தொடங்கிய ‘பிரேக்கிங் பேட்’ தொடரைப் பாருங்கள். புற்றுநோய் கண்ட வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட், குடும்பத்துக்குப் பணம் சேர்க்கப் போதைப்பொருள் தயாரிக்கிறார். முதல் பருவத்திலேயே செல்வந்தரான பழைய நண்பர் ஒருவர் வேலை தருவதாகவும் சிகிச்சைச் செலவை ஏற்பதாகவும் முன்வருகிறார். பணம்தான் சிக்கல் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். வால்டர் மறுக்கிறார். தாம் விலகி வந்த நிறுவனத்தால் செழித்தவர்களிடம் கைநீட்ட அவரது தன்மானம் இடம் கொடுக்கவில்லை. அதுவரை இரங்கத்தக்கவராகத் தெரிந்தவருக்குள் புகைந்துகொண்டிருந்த ஆங்காரம் அந்த மறுப்பில் வெளிப்படுகிறது. பின்னர் வரும் கொலைகளுக்கும் பொய்களுக்கும் விதை அதுதான். வெளியிலிருந்து வந்து விழுந்த திருப்பமாக இதைச் சொல்ல முடியுமா?

அதே தொடரில் ஜெஸ்ஸி பிங்க்மன் என்ற இளைஞனை முதல் பருவத்தோடு சாகடிப்பதே கில்லிகனின் முதல் எண்ணம். நடிகர் ஆரோன் பால் அவனுக்குத் தந்த உயிர்ப்பைக் கண்டபின் அதைக் கைவிட்டார். ஜெஸ்ஸி கடைசி அத்தியாயம் வரை வாழ்ந்தான். தீட்டி வைத்த ஒரு திருப்பம் இப்படிப் பாத்திரத்துக்கு வழிவிட்டது. (எழுத்தாளரே எங்கள் அணிக்கு வாக்களித்துவிட்டார் என்று நான் சொன்னால், நடுவர் மணியடித்துவிடுவார்.)

நிறைவாக எதிரணிக்கு ஒரு கேள்வி. 1990இல் தொடங்கிய ‘ட்வின் பீக்ஸ்’ தொடரில் லாரா பால்மரைக் கொன்றது யார் என்ற புதிர் பெருங்கூட்டத்தை ஈர்த்தது; இரண்டாம் பருவத்தின் நடுவே விடை தெரிந்த பின்னர் கூட்டம் கரைந்து, 1991இல் தொடர் நின்றது. கொலையாளியைத் தொடக்கத்திலேயே காட்டிக்கொடுத்த கொலம்போவோ, இடையில் நெடிய இடைவெளி விழுந்தும் திரும்பி வந்து, 2003 வரை புதிய கதைகளில் தோன்றினார். திருப்பம்தான் தொடரை வாழவைக்கிறது என்றால் இந்த முரண் எப்படி நேர்ந்தது? அடுத்துப் பேச வரும் எதிரணி அன்பர் இதற்கு விடை சொல்லிவிட்டுத் தமது வாதத்தைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.