அளந்து போட்ட மாலை

(1978ஆம் ஆண்டின் தமிழ்ப் படங்களில் முதல் மாலை எதற்கு என்று பெங்களூரு அல்சூரில் ஒரு ஞாயிறு மாலை நடந்த வாதத்தில், நடுவராக இருந்து பேசியதன் எழுத்து வடிவம்.)

பெருமதிப்பிற்குரிய மன்றத் தலைவர் அவர்களே, சென்ற ஆண்டு இந்த அரங்கத்துக்கு மின்விசிறிகள் வாங்கித் தந்துவிட்டு இன்று அவை சரியாகச் சுற்றுகின்றனவா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் புரவலர் ஐயா அவர்களே, கணக்கில் ஒரு ரூபாய் பிசகினாலும் உறங்காத பொருளாளர் அம்மா அவர்களே, முதல் வரிசையைக் கன்னட நண்பர்களுக்கு விட்டுக்கொடுத்த மகளிர் குழுவினரே, வணக்கம். செயலாளர் அவர்களே, உங்களை மறக்கவில்லை. சென்ற முறை உங்கள் பெயரைக் கடைசியில் சொன்னதற்கு இரண்டு மாதம் எனக்கு அழைப்பிதழ் வரவில்லை. இந்த முறையும் கடைசியில்தான் வந்திருக்கிறீர்கள், மன்னிக்க வேண்டும்.

எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். வணக்கத்துக்கே நான்கு போய்விட்டது.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். பணத்துக்கும் நெல்லுக்கும் சொன்ன பழமொழியைப் பாராட்டுக்கும் சொல்லலாம். பேசிய எட்டுப் பேரும் தங்கள் தங்கள் படத்துக்கு மூட்டை மூட்டையாகப் பாராட்டைக் கொட்டினீர்கள். அளப்பதற்குத்தான் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். கதை, ஒளிப்பதிவு, பெண் பாத்திரங்கள் என்று மூன்று படிகளால் அளக்கப்போகிறேன்.

முதலில் ஆண்டைப் பார்ப்போம். எம்.ஜி.ஆர். முதலமைச்சராகிவிட்ட பிறகு அவருடைய கடைசிப் படம், 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்', 1978 பொங்கலுக்கு வந்தது. சிவாஜிக்கு 'தியாகம்'. அதை யாருமே பேசவில்லை என்று பின்வரிசைப் பெரியவர் என்னை முறைக்கிறார். ஐயா, என் வீட்டிலும் அவர் படம் மாட்டியிருக்கிறது. ஆகஸ்டில் 'கிழக்கே போகும் ரயில்'. ராதிகா அதில்தான் அறிமுகமானார். அதே ஆகஸ்டில் 'முள்ளும் மலரும்'. தீபாவளிக்கு 'சிகப்பு ரோஜாக்கள்', 'அவள் அப்படித்தான்', 'தப்புத் தாளங்கள்'. கிராமத்து ரயிலை ஓட்டிய அதே பாரதிராஜா, மூன்று மாதத்துக்குள் 'சிகப்பு ரோஜாக்க'ளில் ஒரு கொலைகாரனைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஓர் ஆண்டுக்கு இவ்வளவு போதும்.

கதை என்ற படிக்கு வருகிறேன். உமாசந்திரனின் நாவலை எடுத்துக்கொண்டு மகேந்திரன் முதன்முதலாக இயக்கிய படம் 'முள்ளும் மலரும்'. வசனம் எழுதிப் பெயர் வாங்கியவர், தன் படத்தில் வசனத்தைக் கிள்ளித்தான் போட்டார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட்ட மனிதர். 'செந்தாழம் பூவில்' பாட்டைப் படமாக்கப் பணமில்லாமல் நின்றபோது கமல்ஹாசன் கைகொடுத்ததை அவரே நன்றியோடு சொல்லியிருக்கிறார். பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவைப் பற்றி இரண்டாவது படியில் விரிவாகச் சொல்கிறேன்.

அந்தப் படம் பெரும்பாலும் எடுக்கப்பட்டது நம் கர்நாடகத்தில், சிருங்கேரியில். இதைச் சொன்னவுடன் எனக்கு ஒரு ஞாபகம் வருகிறது. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

அப்போது நான் ஒரு தொழிற்சாலையில் கடைசல் பட்டறையில் வேலை பார்த்தேன். பக்கத்து இயந்திரத்தில் ஒரு கன்னடக்காரர். சிருங்கேரிக்கு அருகே ஒரு கிராமம் அவருடைய ஊர். தமிழில் 'சாப்பாடு', 'சம்பளம்' என்ற இரண்டு சொற்கள்தான் தெரியும். இரண்டையும் சேர்த்தே சொல்வார். 'உங்கள் ஊரைப் படம் பிடித்திருக்கிறார்கள்' என்று சொல்லி அவரை இரவுக் காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன். படம் தொடங்கியதுதான் தாமதம், மனிதர் கதையைப் பார்க்கவே இல்லை. ஒரு மரம் வந்தால் எழுந்தார், தண்ணீர் வந்தால் துங்கா, துங்கா என்று தங்கள் ஆற்றின் பெயரைச் சொல்லிக் கத்தினார். ரஜினி அந்தப் பக்கம் போனால், 'அங்கே போனால் எங்கள் மாமா வீடு' என்று எனக்கு வழி சொன்னார். பின்னால் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? 'மாமா வீட்டிலேயே போய் உட்காரச் சொல்லுங்கள்' என்றது ஒரு குரல்.

அவரை அடக்க ஒரே வழிதான் இருந்தது. வசனத்தைக் காதோடு காதாகக் கன்னடத்தில் சொல்லத் தொடங்கினேன். ரஜினி நடித்த காளி, தங்கை வள்ளியைத் தூக்கி வளர்த்ததைச் சொன்னேன், எஞ்சினியரோடு மோதியதைச் சொன்னேன். கை போனதைச் சொன்னபோது பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டு கன்னடக்காரர்கள் என் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். டார்ச் விளக்கோடு வந்த ஊழியர் என் முகத்தில் வெளிச்சம் அடித்து, 'படம் ஒன்றுதான் ஓட வேண்டும்' என்றார். நியாயம்தான்.

கடைசிக் காட்சி. வள்ளி எல்லோரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் திரும்பி ஓடுகிறாள். நான் வாயைத் திறந்தேன். நண்பர் என் தொடையில் ஓர் அடி போட்டார். 'சும்னிரு மாராயா' என்றார். பேசாமல் இரு என்று அர்த்தம். அவர் கண்ணில் நீர். எனக்கும்தான். அதற்குப் பிறகு நான் மொழிபெயர்க்கவில்லை.

வெளியே வந்து டீ குடித்தோம். நண்பர் நிம்மதியாகச் சொன்னார்: 'கடைசியில் அந்த எஞ்சினியரை அவனுக்குப் பிடித்துப் போனதே, அது போதும்.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிடித்துப் போகவில்லை! இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று காளி அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தானே தங்கையைக் கொடுக்கிறான்! நான் வாயை மூடிக்கொண்டதால் அந்த ஒரு வரி தவறியது. நண்பர் பார்த்தது வேறு படம். திருத்திச் சொன்னேன். டீ ஆறும்வரை பேசாமல் இருந்துவிட்டு, 'அப்படியானால் இன்னொரு முறை பார்க்க வேண்டும்' என்றார்.

அதனால்தான் மூன்று ஆண்டுகளாக இந்த மன்றத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாம் திரையிடும் படங்களுக்குக் கன்னடத்தில் சப்டைட்டில் போடுங்கள். பொருளாளர் அம்மா சிரிக்கிறார், வழக்கமான பல்லவி என்று. ஆமாம், அதே பல்லவிதான். 'தப்புத் தாளங்கள்' படத்தையே பாலசந்தர் கன்னடத்திலும் எடுத்தார். பாலு மகேந்திரா முதலில் இயக்கியது 'கோகிலா' என்ற கன்னடப் படம். ரஜினி இந்த ஊர் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். இவ்வளவு கொடுக்கல் வாங்கல் இருந்தும், பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து வந்து இருட்டில் ஊமையாக உட்கார வைக்கிறோம். இன்றைக்கு முதல் வரிசையில் இருக்கும் நண்பர்களுக்கும் என் பேச்சில் பாதி போய்ச் சேர்ந்திருக்காது. அவர்கள் பதிலுக்கு, அதே ஆண்டின் 'ஒந்தானொந்து காலதல்லி' படத்தைத் தமிழ் வரிகளோடு நமக்குக் காட்டட்டும். கிரிஷ் கர்னாட் இயக்கியது, சங்கர் நாக் அறிமுகமானது. நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? கை தூக்க வேண்டாம், எனக்கே சங்கடமாக இருக்கும்.

செலவாகுமே என்கிறார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நான்தானே சொல்கிறேன்! ஆண்டுக்கு ஒரு படம் போதும்.

தீர்ப்பு. நேரம் முடிந்ததால் மற்ற இரண்டு படிகளை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன். மாலை 'முள்ளும் மலரும்' படத்துக்கு. இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முதல் சப்டைட்டில் ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' படத்துக்குத்தான். வெளிவந்தபோது அதற்குப் பாராட்டைக் குறைத்து அளந்துவிட்டார்கள். கறுப்பு வெள்ளையில், படம் முழுக்கப் பேச்சு, அதில் எழுத்தாளர் வண்ணநிலவன் கையும் உண்டு. அதன் நாயகி மஞ்சு சொல்வது புரியாவிட்டால் அங்கே பார்ப்பதற்கு மரமும் இல்லை, துங்காவும் இல்லை.

வாசலில் காபிக்குப் பக்கத்தில் ஒரு நீல நோட்டுப் புத்தகம் இருக்கிறது. கன்னடம் எழுதத் தெரிந்தவர்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். பேனாவை நூலில் கட்டியிருக்கிறோம், அது பொருளாளர் அம்மாவின் ஏற்பாடு.