கல்லூரியில் சாட்பாட் வைத்தால் நிலைக்குமா?

சரி, அடுத்த கேள்வி. ஒரு கலைக்கல்லூரிப் பேராசிரியர் அனுப்பியிருக்கிறார்: “எங்கள் நிர்வாகம் ஏஐ சாட்பாட் வாங்கப் போகிறது. உயர்கல்வி நீடித்து நிலைக்க இது உதவும் என்கிறார்கள். உண்மையா சார், இல்லை இரண்டு வருடத்தில் யாரும் சீந்தாமல் கிடக்குமா? கரண்ட் வேறு நிறைய இழுக்கிறதாமே?”

கரண்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கூகுளின் ஏஐ சாட்பாட்டான ஜெமினியிடம் வழக்கமான ஒரு எழுத்துக் கேள்வி கேட்டால் 0.24 வாட்-மணி மின்சாரம் ஆகிறது என்று 2025 ஆகஸ்டில் கூகுளே கணக்குக் கொடுத்தது. 9 வாட் எல்இடி பல்பு ஒன்றரை நிமிடம் எரிகிற அளவு. ஜெமினியைப் பயிற்றுவிக்க ஆன மின்சாரம் இதில் சேரவில்லை. ஆனாலும் உங்கள் கல்லூரிக்கு வருகிற கேள்விகளின் அளவுக்கு இது ஒரு தடையே இல்லை. என் கவலை வேறு. அதற்கு முன், சாட்பாட் உதவுமா என்பதற்கு ஒரு உதாரணம்.

அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஜார்ஜியா ஸ்டேட் என்று ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் நிறையப் படிக்கிற இடம். முன்பெல்லாம் ‘சேருகிறேன்’ என்று உறுதி சொன்ன மாணவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர், கோடை விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கும்போது வரவே மாட்டார்கள். மதிப்பெண் எல்லாம் இருக்கும். நிதியுதவி விண்ணப்பம், தடுப்பூசிச் சான்று, பள்ளியின் இறுதி மதிப்பெண் பட்டியல் என்று ஏதோ ஒரு காகிதத்தில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள, கல்லூரிக்குப் போன ஆள் இருக்காது.

2016 கோடையில் ‘பவுன்ஸ்’ என்ற சாட்பாட்டை அங்கே இறக்கினார்கள். செயலி எதுவும் வேண்டாம், செல்போனுக்குச் சாதாரண குறுஞ்செய்தியாக வரும். மாணவர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். உறுதி சொன்னவர்களில், அது கிடைத்த பிரிவில் வராமல் போனவர்கள் சுமார் 21 சதவீதம் குறைந்தார்கள்.

எப்படி நடந்தது என்பதுதான் முக்கியம். மாணவர் கேட்கட்டும் என்று பவுன்ஸ் காத்திருக்கவில்லை. யார் எந்தக் காகிதம் கொடுக்கவில்லை என்பது பல்கலைக்கழகப் பதிவேட்டிலிருந்து அதற்குத் தெரியும். மதிப்பெண் பட்டியல் வராத பிள்ளைக்கு மட்டும் அதை நினைவுபடுத்தும், எப்படி அனுப்புவது என்றும் சொல்லும். கொடுத்து முடித்தவரைத் தொந்தரவு செய்யாது. அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளை ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் அதனிடம் கேட்கலாம். அதற்குப் பதில் தெரியாவிட்டால் கேள்வி அலுவலரிடம் போகும், அவர் சொல்கிற பதில் அடுத்த முறைக்காகச் சேர்ந்துவிடும்.

அதே 2016-இல், அதே ஊரில், ஜார்ஜியா டெக் என்ற பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அசோக் கோயல் தன் இணையவழி வகுப்பில், மாணவர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ‘ஜில் வாட்சன்’ என்ற ஏஐ உதவியாளரை வைத்தார். விடை சரி என்று 97 சதவீதம் உறுதி இருந்தால் மட்டுமே அது பேசியது. இன்றைய சாட்பாட்கள் தெரியாததையும் சரளமாகச் சொல்லிவிடுகின்றன. கட்டணத் தேதியை ஒரு பிள்ளைக்குத் தப்பாகச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் போச்சு. அதனால் வாயை மூடத் தெரிந்த சாட்பாட்தான் கல்லூரிக்கு வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆக, இரண்டு வருடத்தில் கைவிடப்படுமா என்பது சாட்பாட் எவ்வளவு புத்திசாலி என்பதைப் பொறுத்ததில்லை. ஸ்காலர்ஷிப் கடைசித் தேதி மாறிய அன்றைக்கே அதில் மாற்றி எழுத யார் இருக்கிறார்? ‘தெரியவில்லை’ என்று அது அனுப்புகிற கேள்வியை மறுநாள் காலை திறந்து பார்ப்பவர் யார்? வாங்குவதற்குப் பணம் ஒதுக்குகிறார்கள், இந்த வேலைக்கு ஆள் ஒதுக்குவதில்லை. அப்புறம், போன வருடக் கல்லூரிக் கையேடு பழைய தேதிகளோடு சாட்பாட்டுக்குள்ளேயே கிடக்கும். இரண்டு தடவை தப்பான பதில் வந்தால் பிள்ளைகள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள்.

எனவே சார், நிர்வாகக் கூட்டத்தில் முதலில் அந்த ஆளின் பெயரைக் கேளுங்கள். அவருடைய வகுப்பு நேரத்தையோ அலுவலக வேலையையோ எவ்வளவு குறைப்பார்கள் என்றும் கேளுங்கள். விற்க வருகிற நிறுவனத்தின் டெமோவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போன அட்மிஷன் சமயத்தில் உங்கள் அலுவலகத்துக்கு வந்த கேள்விகளில் ஐம்பதை, பிள்ளைகள் கேட்ட மாதிரியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார்களே, அந்தக் கேள்விகளும் இருக்கட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த ஐம்பதையும் நிறுவனத்தார் எதிரிலேயே சாட்பாட்டிடம் கேட்டுப் பாருங்கள்.