இந்தக் கல் கணக்குப் போடுமா?

[காட்சி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். விடிகாலை. செடிக்கு அடியில் உறைபனி. கையில் ஒரு கல்.]

வணக்கம். இந்தக் கல் எங்கள் பெரியம்மா வீட்டுத் திண்ணையிலிருந்து எடுத்து வந்தது. எடை சரியாக இரண்டு கிலோ. எடை எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன். இப்போதைக்கு என் கேள்வி இதுதான்: நான் பேசிக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில் இந்தக் கல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறதா?

சிரிக்காதீர்கள். ஹிலாரி பட்னம் என்ற அமெரிக்கத் தத்துவவாதி, 1988-ல் வந்த தன் புத்தகத்தின் பின்னிணைப்பில், ஆமாம் என்று சொல்லும்படியான ஒரு வாதத்தை வைத்தார். சாதாரணப் பொருள் எதுவாக இருந்தாலும் சரி, அது எந்த நிரலையும், அதாவது எந்தக் கம்ப்யூட்டர் புரோகிராமையும், ஓட்டுகிறது என்று காட்டிவிடலாமாம். மனம் என்பதே ஒருவகைக் கணிப்பு என்று 1960-களில் சொல்லத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர் என்பதுதான் இதில் வேடிக்கை. தான் நட்ட செடியைத் தானே பிடுங்கினார்.

வித்தை எப்படி என்றால், காலை 6 மணிக்குக் கல் உறைபனியில் சில்லென்று இருக்கிறது, 7 மணிக்கு வெயில் விழுந்து கொஞ்சம் குளிர் விடுகிறது, 8 மணிக்கு ஈரம் காய்கிறது, 9 மணிக்குத் தொட்டால் இளஞ்சூடு. நான்கு நேரம், நான்கு நிலை. என்னிடம் ஒரு சின்ன நிரல் இருக்கிறது, அது அ, ஆ, அ, ஆ என்று மாறி மாறிப் போகும். 6 மணி நிலைக்கும் 8 மணி நிலைக்கும் 'அ' என்று பெயர் வைக்கிறேன், 7-க்கும் 9-க்கும் 'ஆ'. முடிந்தது, கல் நிரலை ஓட்டிவிட்டது.

ஏமாற்று வேலை என்றுதானே தோன்றுகிறது? ஆனால் உங்கள் போனுக்குள் நடப்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். அங்கே இருப்பது வோல்டேஜ், இவ்வளவுக்கு மேல் போனால் 1, இவ்வளவுக்குக் கீழே இறங்கினால் 0 என்று பெயர் வைத்ததும் நாம்தான். ஜான் செர்ல் என்ற இன்னொரு தத்துவவாதி இதைப் பிடித்துக்கொண்டு, தன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சுவரில்கூட வேர்ட்ஸ்டார் ஓடுவதாகச் சொல்லலாமே என்று கேட்டார். வேர்ட்ஸ்டார் தெரியாதவர்கள் வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள், ஒரு காலத்தில் அதில்தான் கடிதம் அடிப்பார்கள்.

[காட்சி: கல் அருகில். பின்னால் பனி உருகிச் சொட்டுகிறது.]

1996-ல் டேவிட் சாமர்ஸ் என்ற தத்துவவாதி பட்னத்தின் வாதத்துக்குப் பதில் எழுதினார். அவர் கேட்டது, நடந்ததற்குப் பெயர் வைத்துவிட்டீர்கள், நடக்காததற்கு? கால்குலேட்டரில் 3 கூட்டல் 4 போட்டால் 7 வருகிறது. 4-க்குப் பதில் 5 போட்டிருந்தால் 8 வந்திருக்கும், போடாவிட்டாலும் அந்த வழி உள்ளே தயாராக இருக்கிறது. கல்லில் அப்படி என்ன இருக்கிறது? இன்றைக்கு மேகமூட்டமாக இருந்திருந்தால் என் பெயர்ப் பட்டியல் அப்படியே குப்பைக்குப் போயிருக்கும். ஆனால் அவர் நேர்மையாக இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறார்: கல்லோடு ஒரு கடிகாரமும் திருகுகிற டயல் ஒன்றும் இருந்தால், உள்ளீடு இல்லாத, அதாவது வெளியிலிருந்து எதையும் வாங்கிக்கொள்ளாத, எளிய நிரல்கள் விஷயத்தில் இந்தப் பதிலும் போதாது. அதனால் உள்ளே பல பாகங்கள் இருக்க வேண்டும், ஒன்று மாறினால் மற்றது இன்ன விதமாக மாற வேண்டும் என்று நிபந்தனையை இறுக்குகிறார்.

சரி, பெயர் வைப்பதுதான் எல்லாமே என்றால் கணக்குக்கு இயற்பியலில் இடமே இல்லையா? இருக்கிறது. ஐபிஎம்-இல் இருந்த ரோல்ஃப் லாண்டவர் 1961-ல் சொன்னது: ஒரு பிட் தகவலை, அதாவது ஒரு 0 அல்லது 1-ஐ, அழித்தால் குறைந்தபட்சம் இவ்வளவு வெப்பம் வெளியே போயே தீரும், அந்த அளவு சுற்றுப்புற வெப்பநிலையைப் பொறுத்தது. 2012-ல் பிரான்சின் லியோன் நகரில் ஒரு நுண்ணிய சிலிக்கா மணியை லேசரில் பிடித்து வைத்து இதை அளந்தே காட்டினார்கள். ஊட்டியில் 10 டிகிரி, மேட்டுப்பாளையத்தில் 38 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஒரு பிட்டை அழிக்க ஊட்டியில் சுமார் 9 சதவீதம் மலிவு. இதை நம்பி யாரும் சர்வரை மலைக்கு ஏற்ற வேண்டாம். இன்றைய சிப்புகள் செலவழிப்பது அந்த எல்லையைவிட மிக மிக அதிகம்.

[காட்சி: இலை எடை போடும் கொட்டகை. தொங்கு தராசு, மூட்டைகள்.]

என்னை யோசிக்க வைத்தது இதெல்லாம்கூட இல்லை, பெரியம்மாவின் சண்டைதான். கொழுந்து பறித்து மூட்டை கட்டிக் கொண்டுபோனால், இலை வாங்க வருகிறவர் சுருள்வில் தராசில் மாட்டுவார். ஒருநாள் மூட்டை எப்போதும்போல் கனக்கிறது, தராசு மட்டும் குறைத்துக் காட்டியது. பெரியம்மா விடவில்லை, மறுநாள் கடையில் நிறுத்துப் பார்த்த இந்த இரண்டு கிலோ கல்லைப் பையில் போட்டுக்கொண்டு போய் முதலில் இதை மாட்டுங்கள் என்றார். முள் ஒன்றேமுக்காலில் நின்றது. "தராசு தப்புக் கணக்குப் போடுது" என்றார்.

யாரும் கல் தப்புப் பண்ணுகிறது என்று சொல்லமாட்டார்கள், கவனித்தீர்களா? அந்தச் சுருள்வில் இயற்பியல் விதியை ஒரு இம்மிகூட மீறவில்லை. அது இறுகிப்போயிருந்தது, இறுகிய வில் எவ்வளவு நீள வேண்டுமோ அவ்வளவுதான் நீண்டது. ஆனாலும் அது தப்பு. ஏனென்றால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. குவால்டீரோ பிச்சினீனி என்ற தத்துவவாதி இதைத்தான் அழுத்திச் சொல்கிறார்: கணிப்பது ஒரு பொருளின் வேலையாக இருந்தால்தான் அது தவறாகவும் கணிக்க முடியும். எனக்கு அவர் பக்கம்தான் சாய்வு. தராசை நிறுக்கும் கருவி என்று சொல்வதா, கணக்குப் போடும் கருவி என்று சொல்வதா என்பது வேறு வழக்கு, அதைப் பெரியம்மா தீர்த்துவிட்டார்.

[காட்சி: ஊட்டி பக்கம் முத்தோரை. சரிவில் நீளமாகப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கி.]

ஆனால் இங்கே வந்து நின்றால் எனக்குக் குழப்பம் திரும்ப வந்துவிடுகிறது. இது ஊட்டி ரேடியோ தொலைநோக்கி, வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970-ல் இயங்கத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். இதை ஏன் சரிவில் கட்டினார்கள்? இந்த இடம் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரி, இந்தச் சரிவும் வடக்கு தெற்காகச் சுமார் 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. பூமி சுழலச் சுழல, இதை அந்த ஒரே அச்சில் திருப்பிக்கொண்டிருந்தால் போதும், ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பார்க்கலாம். இல்லையென்றால் நொடிக்கு நொடி இரண்டு கோணங்களைக் கணக்கிட வேண்டியிருக்கும்.

அப்படியானால் அந்தக் கணக்கை இந்த மலை போடுகிறதா? நான் இல்லை என்றுதான் சொல்வேன். சரிவில் மாறுவதற்கு ஒன்றும் இல்லை, தேடிப்பிடித்தவர்கள் போட்ட கணக்கின் விடை மேல் தொலைநோக்கி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதே தொலைநோக்கியில் 1,056 ஆன்டெனாக்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் வரும் சிக்னலைக் கொஞ்சம் முன்பின்னாகத் தள்ளிக் கூட்டினால் வடக்கிலோ தெற்கிலோ வேறொரு திசையைப் பார்க்கலாம். தள்ளும் அளவை மாற்றினால் திசை மாறும், தப்பாகத் தள்ளினால் தப்பான இடத்தைப் பார்க்கும். அந்தக் கூட்டல் கணக்குதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மலை விஷயத்தில் என்னோடு சண்டை போட விரும்புகிறவர்கள் தாராளமாகப் போடலாம், ஒரு நண்பர் ஏற்கெனவே மூன்று நாளாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

[காட்சி: மேகம் ஏறி வருகிறது. தொலைநோக்கியின் பாதி மறைகிறது.]

மேகம் மூடிவிட்டது, கேமராவில் இனி ஒன்றும் தெரியாது. ரேடியோ அலைக்கு இந்த மேகம் ஒரு பொருட்டே இல்லை. மணிக்கு 15 டிகிரி வீதம் அது பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். நான் கல்லைக் கொண்டுபோய்த் திண்ணையில் வைக்க வேண்டும், நாளைக்கு இலை எடை இருக்கிறது.